வீட்டிலேயே செய்த மரக்கட்டில்: சத்தம், ஆட்டம், தொய்வு வந்தால் எங்கிருந்து தொடங்குவது

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக் கட்டிலை நானே வரைந்து, நானே செய்தேன். 78க்கு 60 அங்குல மெத்தைக்கான அளவு. கால்களும் பக்கச் சட்டங்களும் தேக்கு, மெத்தையைத் தாங்கும் பட்டிகள் பைன். (ரே ரோடு மரக்கடைகளில் தேக்கு என்று கேட்பதைவிட சாகுவான் என்று கேட்டால் சீக்கிரம் காரியம் நடக்கும்.) அதைப் பார்த்துத் தங்கை தன் வீட்டுக்கு ஒன்று கேட்டாள். பிறகு மாட்டுங்காவில் சித்தப்பாவுக்கு ஒன்று, டோம்பிவிலியில் ஒரு நண்பருக்கு ஒன்று. நான் செய்தவை நான்கே நான்கு. ஆனால் உறவிலும் அக்கம்பக்கத்திலும் பழுது பார்த்துக் கொடுத்த கட்டில்களுக்கு இப்போது கணக்கில்லை.

ஃபோன் வரும் காலம் எனக்கு அத்துப்படி. ஜூன் இரண்டாம் வாரம் மழை இறங்கியதும் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். அக்டோபரில் மழை விலகியதும் காய்ந்து சுருங்கும். சுருங்கிய மரத்தில் ஜூலையில் இறுக்கிய போல்ட்டு தளர்ந்து நிற்கும். தீபாவளி முடிந்து விருந்தாளிகள் கிளம்பிய கையோடு, "அண்ணா, கட்டில் ஒரே சத்தம்" என்று யாராவது கூப்பிடுவார்கள்.

தொடங்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சத்தம் கேட்டதும் சுத்தியலை எடுத்து மூலையில் ஆணி அடிக்காதீர்கள். ஆணி இறங்கும் இடத்தில் மரம் பிளக்கும். அடுத்த மழை முடிந்ததும் அந்த ஆணியே கிறீச்சிடும். அப்புறம் அந்த மூட்டைக் கழற்றவும் முடியாது. ஆசாரியிடம் கொண்டுபோக வேண்டிய அளவுக்குக் கெட்டுப்போனதாக நான் பார்த்த கட்டில்கள் பெரும்பாலும் இப்படி ஆணி அடிக்கப்பட்டவைதான்.

வேண்டியவை: திருப்புளி, போல்ட்டுக்கேற்ற ஸ்பேனர், அளவு நாடா, ரசமட்டம், டார்ச், உப்புத்தாள், வெள்ளை மரப்பசை, ஒரு மெழுகுவத்தி, பழைய சைக்கிள் ட்யூப். உதவிக்கு ஓர் ஆளும் வேண்டும். கழற்றுமுன் ஒவ்வொரு மூட்டின் இரு பக்கத்திலும் பென்சிலால் ஒரே எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கையால் செய்த கட்டிலில் ஒரு மூலையின் சட்டம் இன்னொரு மூலையில் சரியாக உட்காராது.

## புரண்டு படுத்தால் கிறீச்சிடுகிறது

முதலில் மெத்தையை இறக்கித் தரையில் போட்டு அதன்மேல் புரண்டு பாருங்கள். சத்தம் அப்போதும் வந்தால் அது மெத்தைக்குள் இருக்கும் ஸ்பிரிங். கட்டிலில் கை வைக்க வேண்டியதே இல்லை.

மெத்தை அமைதியாக இருந்தால் கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துப் போடுங்கள். சத்தம் நின்றுவிட்டதா? தலைமாட்டுப் பலகை சுவரில் உரசியிருக்கிறது. பலகையின் பின்புறம் இரண்டு ரப்பர் துண்டு ஒட்டினால் வேலை முடிந்தது.

அப்படியும் சத்தம் வந்தால் ஒருவர் கட்டில்மேல் உட்கார்ந்து மெதுவாக அசையட்டும். மற்றவர் ஒவ்வொரு மூலையாகக் காதை வைத்துக் கேட்கட்டும். காதைவிட விரல் நம்பகமானது என்பது என் அனுபவம். சட்டமும் காலும் சேரும் கோட்டின்மேல் விரலை வைத்தால், எந்த மூட்டு நகர்கிறதோ அங்கே ஒரு துடிப்பு தெரியும். மரம் முழுக்க ஓசையைக் கடத்துவதால், வலது மூலையில் பிறக்கும் சத்தம் இடது மூலையிலிருந்து வருவதுபோலக் கேட்கும். சித்தப்பா வீட்டில் காதை நம்பித் தவறான மூலையை நான் இரண்டு முறை பிரித்துக் கோத்திருக்கிறேன்.

துடிப்பு மூலையில் இருந்தால். போல்ட்டை இறுக்குங்கள். பாதிப் பேருக்கு இதோடு தீர்ந்துவிடும். இறுக்க இறுக்க வாஷர் மரத்துக்குள் புதைகிறது என்றால் வாஷர் சிறியது. அதைக் கழற்றி, அகலமான வாஷரோ இரண்டு அங்குல இரும்புத் தகடோ வைத்து இறுக்குங்கள். நாக்தேவி தெருவில் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கான அகல வாஷரும், நைலான் வளையம் வைத்த லாக் நட்டும் கைநிறையக் கிடைக்கும். சாதாரண நட்டு அசைவில் தளரும், லாக் நட்டு அவ்வளவு சுலபத்தில் தளராது.

போல்ட்டு இறுகிய பிறகும் ஓசை வந்தால் மரமும் மரமும் உரசுகின்றன. மூட்டைப் பிரித்து உள்முகங்களைப் பாருங்கள். உரசிய இடம் பளபளப்பாகத் தெரியும். அங்கே உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மெழுகுவத்தியை அழுத்திப் பூசிவிட்டு மீண்டும் கோக்க வேண்டும். எண்ணெய் விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் விட்ட மூட்டு இரண்டு வாரம் அமைதியாக இருக்கும். பிறகு தூசு பிடித்து முன்னைவிட மோசமாகக் கத்தும், பின்னால் பசை போட வேண்டி வந்தால் ஒட்டவும் ஒட்டாது.

துடிப்பு பட்டிகளில் இருந்தால். பட்டி உட்காரும் விளிம்பில் சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் வெட்டி ஒட்டுங்கள். பட்டி ஸ்க்ரூ போட்டு இறுக்கப்பட்டிருந்தால் ஸ்க்ரூவைத் திருகிப் பாருங்கள். அது சும்மா சுற்றினால் துளை தேய்ந்துவிட்டது. ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் மிஞ்சும் மூங்கில் குச்சிகளை உப்புத்தாளால் சுத்தம் செய்து, பசையில் தோய்த்து, துளை நிறையும்வரை திணியுங்கள். ஒரு நாள் காயவிட்டு மட்டமாக வெட்டி, 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் வழி போட்டு, 8ஆம் எண் மர ஸ்க்ரூவை இறக்குங்கள். ஜிப்சம் பலகைக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூவைக் கட்டிலில் போடவே கூடாது. அது கடினமானது, ஆனால் வளையாது. பக்கவாட்டு அசைவில் கழுத்து முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும்.

ஆசாரியைக் கூப்பிட வேண்டிய கட்டம்: கழுந்தை (சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு) காலின் துளைக்குள் செருகிப் பசை போட்டுச் செய்த மூட்டில் பசை விட்டுப்போய், கழுந்து துளைக்குள் ஆடினால். ஓரமாகப் பசையை ஊற்றினால் அது உள்ளே போகாது. மூட்டை முழுக்கப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, கழுந்தின்மேல் மெல்லிய மரத்தகடு ஒட்டிப் பருமனாக்க வேண்டும். பழகிய கை இல்லாவிட்டால் கால் பிளந்துவிடும்.

## தள்ளினால் ஆடுகிறது

நான்கு கால்களுக்கும் கீழே காலுக்கொரு காகிதத்தைச் செருகி இழுத்துப் பாருங்கள். ஒன்று சுலபமாக வந்துவிட்டால் அந்தக் கால் தரையைத் தொடவில்லை. பழைய கட்டடங்களில் தரை சமமாக இருப்பது அபூர்வம். இடைவெளிக்கேற்ற ரப்பர் வட்டை ஒட்டினால் போதும். காலை அறுக்க நினைக்காதீர்கள். அடுத்த வீட்டுக்குக் குடி மாறினால் அங்கே தரை வேறு மாதிரி இருக்கும்.

நான்கும் தரையைத் தொட்டும் ஆடினால், தலைமாட்டுப் பக்கமிருந்து கால்மாட்டுப் பக்கம் கட்டிலைத் தள்ளுங்கள். தள்ளும்போது சட்டத்தின் மேல்விளிம்புக்கும் காலுக்கும் நடுவே இடுக்கு திறந்து மூடினால், அந்த மூட்டில் ஒரே ஒரு போல்ட்டு இருக்கிறது என்று பார்க்காமலேயே சொல்லலாம். முதல் கட்டில் செய்கிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை இது. ஒரு போல்ட்டு அச்சாணிபோல, சட்டம் அதைச் சுற்றித் திரும்பும். மேலும் கீழுமாக இரண்டு போல்ட்டு வேண்டும், நடுவே மூன்று அங்குலமாவது இடைவெளி வேண்டும். சட்டத்தின் உயரம் ஐந்து அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் இரண்டாவது போல்ட்டுக்கு இடம் போதாது. அப்போது உள்மூலையில் முக்கோண மரக்கட்டை வைத்துப் பசையும் ஸ்க்ரூவும் போடுங்கள். கடைகளில் கிடைக்கும் எல் வடிவத் தகடும் உதவும். மெல்லிய தகடு வளைந்துகொடுக்கும், ஆகவே கையால் வளைக்க முடிகிற தகட்டை வாங்காதீர்கள்.

இறுக்குமுன் குறுக்களவு பாருங்கள். உள்ளளவு 78க்கு 60 இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் ஏறத்தாழ 98.4 அங்குலம் வர வேண்டும். இரண்டுக்கும் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கட்டில் கோணிக்கொண்டிருக்கிறது. எல்லாப் போல்ட்டையும் பாதி தளர்த்தி, நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளி, இரண்டும் சமமானதும் ஒன்று மாற்றி ஒன்றாக இறுக்குங்கள்.

## நடுவில் குழி விழுகிறது

மெத்தையை எடுத்துவிட்டு, ஒரு பக்கச் சட்டத்திலிருந்து எதிர்ப்பக்கச் சட்டம்வரை நூலை விறைப்பாகப் பிடியுங்கள். நூலும் பட்டியும் ஒட்டியே இருந்தால் குழி மெத்தையில் இருக்கிறது. மெத்தையின் தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டுச் சில நாள் பாருங்கள்.

பட்டி கீழே இறங்கியிருந்தால் நடுச்சட்டத்தைப் பாருங்கள். நான்கடிக்கு மேல் அகலமான எந்தக் கட்டிலுக்கும் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை ஓடும் நடுச்சட்டமும், அதற்குக் கீழே குறைந்தது ஒரு காலும் வேண்டும். ஐந்தடிக் கட்டிலுக்கு இரண்டு கால் வைப்பது என் வழக்கம். அந்த நடுக்கால் தரையைத் தொடுகிறதா? காகிதச் சோதனை இங்கேயும் உண்டு. தொடாவிட்டால் ப்ளைவுட் துண்டு ஒன்றை அடியில் வைத்து ஒட்டுங்கள். தொய்வுப் புகார்களில் நான் முதலில் பார்ப்பதும், பெரும்பாலும் காரணமாக இருப்பதும் இதுதான்.

கால் தொட்டும் தொய்ந்தால், நடுச்சட்டம் படுக்கவைத்து அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கு மூன்று அங்குலச் சட்டத்தைப் படுக்கவைப்பதைவிட நிமிர்த்தி வைத்தால் இரண்டேகால் மடங்கு விறைப்பாக நிற்கும். புது மரம் வாங்க வேண்டாம், இருப்பதைத் திருப்பினாலே போதும்.

அடுத்தது பட்டிகள். நடுச்சட்டம் உள்ள ஐந்தடிக் கட்டிலில் ஒவ்வொரு பட்டியும் முப்பது அங்குலம் தாண்டுகிறது. அதற்கு முக்கால் அங்குலக் கனமும் மூன்று அங்குல அகலமும் உள்ள பைன் பட்டி போதும். இரண்டு பட்டிகளுக்கு நடுவே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டால் நுரை மெத்தை அந்த இடுக்கில் இறங்கும். முடிச்சு உள்ள பட்டியை நடுவில் போடாதீர்கள். பைன் எப்போதும் முடிச்சிலேயே முறிகிறது. பட்டி நழுவிக் கீழே விழுந்தால் மரத்தில் குறை இல்லை, இரு முனையிலும் ஒவ்வொரு ஸ்க்ரூ போடுங்கள்.

கடைசியில், செலவு கூடியது: பக்கச் சட்டமே வளைந்திருப்பது. அரை அங்குலத்துக்கு மேல் வளைந்த சட்டம் நிமிராது. புதுச் சட்டம் இழைக்கக் கொடுங்கள்.

## மரத்தில் விரிசல்

பதற வேண்டாம். சட்டத்தின் முனையில், நாரோட்டத்தில், தலைமுடிபோல ஓடும் வெடிப்பு மரம் காய்வதால் வருவது. அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்தும் கோட்டைத் தாண்டாவிட்டால் மெழுகும் மரத்தூளும் கலந்து அடைத்துவிடலாம்.

தலைமாட்டுப் பலகையில் மேலிருந்து கீழ்வரை வெடித்தால் காரணம் வேறு. அகலமான பலகையை எல்லாப் பக்கமும் ஸ்க்ரூ போட்டுப் பிடித்துவைத்திருப்பீர்கள். மரம் நாரோட்டத்துக்குக் குறுக்கே விரிந்து சுருங்கும். அதற்கு இடம் கொடுக்காவிட்டால் வெடித்து இடம் எடுத்துக்கொள்ளும். நடு ஸ்க்ரூக்களை அப்படியே விட்டு, ஓரத்து ஸ்க்ரூத் துளைகளை நீள்வட்டமாக அகட்டி, வாஷர் வைத்து மிதமாக இறுக்குங்கள். பிறகு வெடிப்பில் பசையை ஊசிக்குழலால் செலுத்தி, சைக்கிள் ட்யூபால் விறைப்பாகச் சுற்றிக் கட்டுங்கள். வழக்கமாக 24 மணி நேரம் போதும். ஜூலையில் மும்பைக் காற்றில் 48 மணி நேரம் கொடுங்கள்.

வார்னிஷ் மேற்புறம் மட்டும் அடித்த பலகை வளைந்துபோகும். அடிப்பக்கம் வழியாக ஈரம் ஏறி இறங்குவதே காரணம். கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூச்சு வேண்டும்.

விரிசல் போல்ட்டுத் துளை வழியாகக் காலில் ஓடினால் அன்று இரவே அந்தக் கட்டிலில் படுப்பதை நிறுத்துங்கள். குழந்தை உள்ள வீடு என்றால் பிரித்தே வைத்துவிடுங்கள். காலை மாற்றத்தான் வேண்டும், ஒட்டுப்போட்டுச் சமாளிக்கிற இடம் அது அல்ல.

## பெட்டிக் கட்டிலின் மூடி நிற்கவில்லை, அல்லது திறக்கவில்லை

மும்பை வீட்டில் கட்டிலுக்குள்தான் பாதி வீடு இருக்கிறது, ஆகவே இந்தப் புகார் அவசரமாக வரும். மழைக்காலத்தில் மூடி இறுகினால் இழைப்புளியைத் தேடாதீர்கள். எங்கே பிடிக்கிறதோ அங்கே மெழுகு பூசி அக்டோபர்வரை ஓட்டுங்கள். ஜூலையில் இழைத்த மூடி டிசம்பரில் விரல் நுழையும் இடுக்கோடு நிற்கும்.

தூக்கிய மூடி தானாக இறங்கினால், முதலில் கீல் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். பிறகு மெத்தையை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். கனமான மெத்தைக்கு, மூடியைத் தாங்கும் பழைய ஹைட்ராலிக் தண்டு போதாது. இரண்டும் இல்லையென்றால் தண்டில் அழுத்தம் போய்விட்டது. ஜோடியாகவே மாற்றுங்கள். மூடியை முழுக்கத் திறந்து, தடிமனான கட்டையால் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்த பிறகே தண்டைக் கழற்ற வேண்டும். கழற்றிய தண்டை வெட்டவோ துளைக்கவோ கூடாது, உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது. முட்டுக் கொடுக்க உதவிக்கு ஆள் இல்லாவிட்டால் இதை ஆசாரியிடம் விட்டுவிடுங்கள்.

## மெத்தைக்கடியில் பூஞ்சை வாடை

கட்டிலைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளிப் போடுங்கள். குளியலறையை ஒட்டிய சுவர் என்றால் இடத்தையே மாற்றுங்கள். பட்டிக்குப் பதிலாக முழு ப்ளைவுட் போட்டிருந்தால் எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக ஓர் அங்குலத் துளைகள் போடுங்கள், காற்று போகட்டும். வெள்ளைப் படலத்தை முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியில் காயவைத்து, பிறகு பூச்சு அடியுங்கள்.

ப்ளைவுட்டை விரல் மடக்கித் தட்டும்போது பொத்தென்று ஓசை வந்தாலோ, ஓரத்தில் அடுக்குகள் பிரிந்து தெரிந்தாலோ அந்தப் பலகை போய்விட்டது. ஈரத்தைத் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை உள்ளதாக வாங்கி மாற்றுங்கள். சுவரே நனைந்து ஊறினால் தச்சு வேலையால் தீராது. வெளிச்சுவர் ஒழுக்கைக் கட்டடத்தின் குடியிருப்போர் சொஸைட்டியிடம் எழுதிக் கொடுங்கள்.

## கட்டிலுக்கடியில் தூள்

தூளை வெள்ளைக் காகிதத்தில் ஏந்தி, விரலில் தேய்த்துப் பாருங்கள். அதுவே பாதிப் பதில்.

முகப்பவுடர்போல மிருதுவாக இருந்தால் மரவண்டு. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் வட்டத் துளைகள் இருக்கும். பெரும்பாலும் வைரம் பாயாத வெளிர்நிற மரப்பகுதியில்தான் இருக்கும். துளைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, தூளைத் துடைத்துவிடுங்கள். மூன்று வாரம் கழித்துப் புதுத் தூளோ புதுத் துளையோ இல்லையென்றால் பழைய சேதம், மெழுகால் அடைக்கலாம். புதிதாக வந்தால், ஒரு பட்டியோடு நிற்கும்போதே அந்தப் பட்டியை எடுத்து வெளியே போட்டுவிடுங்கள். சட்டம்வரை போயிருந்தால் பூச்சி ஒழிப்பவரைக் கூப்பிடுங்கள்.

கசகசாபோல மணி மணியாக இருந்தால் உலர்மரக் கரையான். இது மண் பாதை கட்டாது, மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். திருப்புளியின் பிடியால் சட்டம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். கூடு எங்கே ஓடுகிறது என்று ஓசை சொல்லும். இதற்கு வீட்டு வைத்தியம் எதையும் நான் சொல்லமாட்டேன்.

மண் கோடு தெரிந்தால் தரையிலிருந்து ஏறும் கரையான். கட்டிலை மட்டும் கவனித்துப் பயனில்லை. கதவு நிலை, அலமாரி, சுவர் அடிப்பட்டி எல்லாவற்றையும் அன்றே பாருங்கள். கோட்டை அழிக்குமுன் படம் எடுத்துவையுங்கள், பூச்சி ஒழிப்பவருக்கு அது வழிகாட்டும்.

தூள் இல்லாமல் மூட்டுகளில் கறுப்புப் புள்ளிகள், உடம்பில் கடித் தடம் என்றால் மூட்டைப்பூச்சி. இடுக்கு, ஸ்க்ரூத் துளை, வெடிப்பு எல்லாம் அதற்கு வீடு. கட்டிலை முழுக்கப் பிரித்து, இடுக்குகளை வாக்யூம் போட்டு, விரிப்புகளைக் கொதிநீரில் துவையுங்கள். கட்டில் துண்டுகளை வேறு அறைக்குக் கொண்டுபோகாதீர்கள், அது அங்கேயும் பரவும். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. படுக்கிற மரத்தில் அது தீ அபாயம், நாற்றமும் மாதக்கணக்கில் போகாது. ஒரு முறை மருந்தடிப்பு முட்டைகளைத் தப்பவிட்டுவிடும். ஆகவே இரண்டு வாரம் கழித்து இரண்டாவது முறையும் வருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மருந்தடித்துக் காய்ந்த பிறகு, கட்டிலைக் கோக்குமுன் எல்லா வெடிப்பையும் வேண்டாத துளையையும் மெழுகால் அடைத்துவிடுங்கள்.